டான் வாள்: எந்த அத்தியாயத்தில், யார் வாயால்?

ஸ்பாய்லர் உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் 1996 முதல் 2011 வரை வந்த ஐந்து நாவல்களையும் முடித்தவர்களுக்கான இழை இது.

டெய்ன் குடும்பத்தின் பழைய வாளான டான் பற்றி (விடியல் என்று பொருள்) தியரி எழுதுகிறவர்கள் பலரும் இன்னொருவர் எழுதிய தியரியிலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால் இங்கே ஒரே வேண்டுகோள்: வாள் கண்ணில் பட்ட இடத்தைச் சொல்லுங்கள். எந்த நாவல், யாருடைய அத்தியாயம், சொல்பவர் நேரில் பார்த்தவரா, கேட்டதைச் சொல்கிறவரா. தியரி அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் இடத்தை நானே வைக்கிறேன். முதல் நாவல், எட்டார்டின் (நெட் ஸ்டார்க்கின் முழுப்பெயர்) பத்தாவது அத்தியாயம். கால் முறிந்து காய்ச்சலில் கிடக்கும் நெட் ஸ்டார்க்குக்குப் பழைய கனவு ஒன்று திரும்ப வருகிறது. கோபுரத்தின் முன்னால் வெள்ளை அங்கி அணிந்த மூன்று வீரர்கள். ஆர்தர் டெய்ன் இரண்டு கைகளாலும் டானை உருவுகிறார். பால்கண்ணாடி போல வெளிறிய அலகு, அதில் ஒளி உயிரோடு இருக்கிறது. நெட் நேரில் பார்த்தவர்தான், ஆனால் சொல்வது கனவு. நிறத்தை நம்பலாம். அந்த ஒளி வாளுடையதா, வெயிலுடையதா என்பதை இந்த வரியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. டான் தானாக ஒளிரும் என்று அடித்துச் சொல்லும் தியரிகள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

*

நல்ல தொடக்கம். வாளின் வலுவுக்கு இதைவிட உறுதியான சாட்சி மூன்றாவது நாவலில், ஜேமி லானிஸ்டரின் நினைவில் இருக்கு. ஸ்மைலிங் நைட் என்ற கொள்ளைக்காரனோட ஆர்தர் மோதின சண்டை. எதிராளியோட வாள் முழுக்கப் பல்பல்லா வெட்டு விழுந்து போச்சு, வேற வாள் எடுத்துக்கச் சொல்லி ஆர்தர் சண்டையை நிறுத்திக் காத்திருக்கார். ஜேமி அந்தக் காலத்து ஸ்குவயர் (வீரனோட உதவியாள்), பக்கத்துல இருந்தவர். சாதாரண எஃகை டான் கடிச்சுத் துப்பும், தனக்கு ஒண்ணும் ஆகாதுங்கறதுக்கு இந்தக் காட்சி போதும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். டான் வலேரிய எஃகு (வலேரியா என்ற பழைய பேரரசோட மந்திர எஃகு) இல்லை. வலேரிய எஃகு புகைபடிஞ்ச கருஞ்சாம்பல், அலையலையா ரேகை ஓடும். இது வெள்ளை. விழுந்த நட்சத்திரத்தின் இதயத்திலிருந்து அடிச்சதுன்னு கதை. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தானா வர்ற சொத்தும் இல்லை. தகுதியுள்ள டெய்ன் வீரன் கிடைச்சாத்தான் அவனுக்கு வாளும் ‘ஸ்வோர்ட் ஆஃப் த மார்னிங்’ என்ற பட்டமும். இல்லைன்னா வாள் காத்திருக்கும். ஆர்தர் செத்த பிறகு நெட் அதை டெய்ன்களோட கோட்டையான ஸ்டார்ஃபாலுக்கே கொண்டுபோய், ஆர்தரின் தங்கை ஆஷாராவிடம் கொடுத்துட்டார்.

*

‘டான்தான் லைட்பிரிங்கர்’ தியரிக்கு வருவோம். லைட்பிரிங்கர் என்பது அசோர் அஹாய் என்ற பழங்கதை நாயகன் அடித்த நெருப்பு வாள். அடிப்படைக் கதை இரண்டாவது நாவலில், டாவோஸின் முதல் அத்தியாயத்தில். அசோர் அஹாய் முதலில் 30 பகல், 30 இரவு வேலை செய்கிறான். தண்ணீரில் தோய்க்கும்போது வாள் உடைகிறது. அடுத்து 50 பகல், 50 இரவு. சிங்கத்தின் நெஞ்சில் இறக்குகிறான், சிதறுகிறது. மூன்றாவது 100 பகல், 100 இரவு; மனைவி நிஸ்ஸா நிஸ்ஸாவின் மார்பில்.

கதை சொல்லி யார் என்று பாருங்கள். சல்லாடோர் சான், லிஸ் நகரத்துக் கடல் கொள்ளையன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்கிறான். எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவன் சொல்ல வருவது கதையின் கடைசியில்தான்: அரியணை கோரும் ஸ்டானிஸ் லைட்பிரிங்கர் என்று நெருப்பிலிருந்து எடுத்தது வெறும் கருகிய வாள், அதற்காகச் சந்தோஷப்படு.

லைட்பிரிங்கரைச் சோதிக்க நாவலே ஒரு அளவுகோல் தருகிறது: சூடு. நான்காவது நாவலில், கண் தெரியாத மேஸ்டர் (கற்றறிந்த ஆலோசகர்) ஏமன் ஸ்டானிஸின் வாளை ஒதுக்கும் காரணம் இதுதான், வெளிச்சம் உண்டு, வெப்பம் இல்லை. ஐந்தாவதில், ஜான் ஸ்நோவின் மூன்றாவது அத்தியாயத்தில், ஏமன் விட்டுச்சென்ற பழைய நூலின் பகுதி பேசப்படுகிறது: நிஸ்ஸா நிஸ்ஸா போலவே அந்த வாளும் வெதுவெதுப்பானது, போரில் தகிக்கும். டானைத் தொட்ட யாரும், டான் தொட்ட யாரும், அது சூடாக இருந்ததாகச் சொல்லவில்லை. ஜேமிக்கு ஆர்தர் வீரப்பட்டம் கொடுத்ததே டானைத் தோளில் வைத்துத்தான். அந்த நினைவிலும் சூடு பற்றிப் பேச்சில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் தியரியின் பெரிய ஓட்டை இதுதான்.

*

அப்படியானால் எதிர்த்திசையில் போகலாம். டான் நெருப்பு வாள் இல்லை, ஸ்டார்க் குடும்பத்து வாளான ‘ஐஸ்’ என்ற பெயரை முதலில் தாங்கியது அதுதான் என்ற தியரி. கேட்கும்போது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

முதல் நாவல், கேட்லினின் முதல் அத்தியாயம்: நெட்டின் வலேரிய வாள் ஐஸுக்கு 400 வயது, ஆனால் அந்தப் பெயர் அதைவிடப் பழையது, வீரயுகத்திலிருந்து வருவது. அப்படியென்றால் முதலில் அந்தப் பெயரைத் தாங்கிய வேறொரு வாள் இருந்திருக்கிறது. மூன்றாவது நாவல், சாம்வெலின் முதல் அத்தியாயம்: டிராகன்கிளாஸ் (எரிமலைக் கண்ணாடி) கத்தி இறங்கியதும் அதர் என்ற பனி உயிரி உருகுகிறது, உள்ளே தெரியும் எலும்புகள் எப்படி இருக்கின்றன? பால்கண்ணாடி போல, வெளிறி, மினுமினுப்பாக. நெட்டின் கனவில் டானுக்கு வந்த அதே ‘பால்கண்ணாடி’. மார்ட்டின் சில உவமைகளை யோசிக்காமல் திரும்பப் பயன்படுத்துவார் என்பது உண்மைதான். ஆனாலும் விடியல் என்று பெயர் வைத்த வாளுக்கும், நெடிய இரவு என்ற பழைய இருட்டுக் காலத்தில் மனிதர்களைத் தாக்கிய அதர்களுக்கும் ஒரே உவமை என்பதை நான் தற்செயல் என்று விடமாட்டேன்.

தியரி தடுமாறும் இடம் வரைபடம். ஸ்டார்ஃபால் டோர்னின் மேற்கில், டொரென்டைன் ஆறு கடலில் சேரும் இடத்தில். ஸ்டார்க்குகளின் கோட்டையான வின்டர்ஃபெல் கண்டத்தின் மறுகோடி. வாள் ஏன், எப்படிக் கைமாறியது என்பதற்கு நாவலில் ஒரு வரிகூட இல்லை. ‘கடைசி வீரன் (நெடிய இரவில் அதர்களை எதிர்த்த நாயகன்) ஒரு டெய்ன்’ என்று நிரப்புகிறார்கள். அது நிரப்பல், ஆதாரம் ஆகாது.

*

கடைசி வீரன் பேச்சு வந்ததால் ஒன்று. நான்காவது நாவலில் சாம்வெல் பழைய ஏடுகளில் கண்டுபிடிப்பது, அந்த வீரன் அதர்களைக் கொன்ற வாளைக் குறிக்கும் ‘டிராகன்ஸ்டீல்’ என்ற சொல்லை. கேட்டதுமே ஜான் அதை வலேரிய எஃகு என்று எடுத்துக்கொள்கிறான். கால வரிசை ஒத்துவராது: மரபுக் கணக்கில் நெடிய இரவு 8000 ஆண்டுக்கு முன், வலேரியாவின் எழுச்சி 5000 ஆண்டுக்கு முன். டானை உள்ளே நுழைக்க இங்கே உண்மையான இடைவெளி இருக்கிறது.

கிழக்கிலிருந்து வரும் கிளையையும் சேர்க்கணும். முதல் நாவல், டெனேரிஸின் ஒன்பதாவது அத்தியாயம். காய்ச்சல் கனவில் வரிசையாகப் பழைய மன்னர்களின் ஆவிகள், கண்கள் ஓபல், செவ்வந்திக்கல், டூர்மலைன், ஜேட் நிறங்களில், கையில் வெளிறிய நெருப்பு வாள்கள். 18 வருஷம் கழித்து, 2014-ல் வந்த உலக வரலாற்று நூலில் ‘விடியலின் பேரரசு’ வருகிறது. அதன் அரசர்களின் பெயர்களில் இந்த நாலு கற்களும் உண்டு. டெய்ன்களில் சிலருக்கு ஊதா சாயல் கண்கள், வாளின் பெயர் விடியல். சேர்ந்து வரும் விதம் அபாரம். ஒரே எச்சரிக்கை, அந்த நூல் கதைக்குள் இருக்கும் ஒரு மேஸ்டர் கேள்விப்பட்டதைத் தொகுத்த நூல்.

*

உலோகம் தெரிந்தவன் என்ற முறையில்: விண்கல் வாள் வெறும் கற்பனை இல்லை. துட்டன்காமனின் இரும்புக் குத்துவாளில் ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கல் இருப்பதை 2016 ஆய்வு காட்டியது. விண்கல் இரும்பின் கையெழுத்து அது. 1621-ல் ஜலந்தர் அருகே விழுந்த கல்லை ஜஹாங்கீர் கொல்லரிடம் கொடுத்தார். சம்மட்டி அடியில் உதிர்ந்தது. விண்கல் இரும்பு 3 பங்கு, சாதாரண இரும்பு 1 பங்கு கலந்த பிறகே இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி வந்தன. உதிர்வதற்கு வழக்கமான காரணம் உள்ளே இருக்கும் இரும்பு சல்ஃபைடு. பழுக்கக் காய்ச்சினால் அது முதலில் இளகி, அடிக்கும்போது அந்த வழியாகவே பிளக்கும்.

நிக்கல் மிகுந்த அடுக்கு அமிலத்தில் கறுக்காமல் வெள்ளியாக நிற்கும். ஜாவா கிரிஸ் கத்திகளின் பாமோர் ரேகை அப்படித்தான் தெரிகிறது. டானின் வெண்மைக்கு அதிகபட்சம் இதுவரை வரலாம். பால்கண்ணாடித் தோற்றத்தை எந்த நிக்கலும் தராது, அங்கே மந்திரம்தான். (வலேரிய எஃகின் அலை ரேகைக்கு நிஜ உலக முன்மாதிரி டமாஸ்கஸ் வாள். அதன் மூலக் கட்டிகள் தென்னிந்தியா, இலங்கையின் மூசை உருக்கு. கொடுமணலில் அந்த உலைகளின் எச்சம் கிடைத்திருக்கிறது.)

*

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியலில் பார்த்ததைச் சாட்சியாக வைக்காதீங்க. 2016 சீசனில் ஆர்தர் இரண்டு கையில் இரண்டு வாள் வீசுவார். நாவலில் டான் இரு கை பிடிக்கும் பெருவாள்.

அடுத்து யார் கைக்கு? ஸ்டார்ஃபாலின் தலைவன் எட்ரிக்குக்கு மூன்றாவது நாவலில் 12 வயசு. கிளைக் குடும்பத்து ஜெரால்ட், ‘டார்க்ஸ்டார்’, தான் இரவைச் சேர்ந்தவன்னு தன் வாயாலேயே சொல்றவன். ஐந்தாவது நாவலில் அவனைப் பிடிக்க டோர்னை ஆளுற டோரன் ஆள் அனுப்பறார். அவன் ஸ்டார்ஃபாலுக்குள்ள நுழைஞ்சு வாளைத் தூக்குவான்னு சொல்ற தியரிக்கு வழியும் இருக்கு, நோக்கமும் இருக்கு. என் பந்தயம் இதுமேலதான். வாள் ஜானுக்குத்தான்னு சொல்றவங்க மூன்றாவது நாவலைத் திறங்க: ‘ஸ்வோர்ட் ஆஃப் த மார்னிங்’ பேருள்ள நட்சத்திரக் கூட்டத்தை அவன் தெற்கு வானத்துல பார்க்கறான். கைப்பிடியில இருக்கிற வெள்ளை நட்சத்திரம் விடியற நேரத்துலயும் அணையாம எரியுது.