பழைய இழைப்புளி, புதிய உளிகள்: குன்னூரிலிருந்து ஒரு புதுப்பிப்பு

வீட்டுப் பட்டறைக்குக் கைக்கருவிகளைப் புதிதாக வாங்குவதா, பழையனவற்றைத் தேடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன்; அக்கறையோடு பதிலளித்த அனைவருக்கும் நன்றி. உளிகளையும் ரம்பத்தையும் புதிதாகவும், மரத்தைச் சீவிச் சமன்செய்யும் இழைப்புளியைப் பழையதாகவும் வாங்கியிருக்கிறேன்.

14 அங்குல நீளமுள்ள ஸ்டான்லி நிறுவனத்தின் 5ஆம் எண் இழைப்புளி உதகையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. வார்ப்பிரும்பு உடலில் விரிசல் உள்ளதா என்பதையும், அலகின் தட்டையான பின்புறத்தில் வெட்டும் விளிம்பையொட்டித் துருக்குழிகள் ஆழமாக விழுந்துள்ளனவா என்பதையும் பார்த்த பிறகே விலை பேசினேன். ஏனெனில் மேல்துருவை வினிகரில் ஊறவைத்து நீக்கிவிடலாம், ஆனால் அத்தகைய குழிகள் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு சீராக அமையாது. அலகை 25 பாகைச் சாய்வில் தீட்டியபின், தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரப் பலகையில் சீவல் அறுபடாமல் சுருண்டு வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

ரம்பத்தில், அரத்தால் தீட்டக்கூடிய பற்கள் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன். கருநீலமாகக் கடினப்படுத்தப்பட்ட பற்கள் அரத்துக்கு இணங்குவதில்லை.

துருத்தடுப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடுவதால், இந்த மலைக்குத் தையல் இயந்திர எண்ணெயே ஏற்றது.