ஓடையில ரெண்டு டெரஸ்: பிங்காம்டன் தொகுதியில எதைப் படிக்கணும்?

ஓடைமேடு:
வருசநாட்டுப் பக்கம் வைகையில சேர்ற ஒரு ஓடையில எம்.எஸ்ஸி. ஆய்வு. கரையில ரெண்டு டெரஸ் (ஓடை ஆழமா அறுத்ததும் பழைய படுகை படி மாதிரி மேல நின்னுட்ட இடம்) இருக்கு. ரெண்டு தடவை மழை அளவு மாறுச்சுன்னு எழுதலாமா? கைடு முதல்ல பிங்காம்டன் நிலவடிவவியல் (ஜியோமார்ஃபாலஜி) கருத்தரங்கத் தொகுதிகளைப் பாருங்கங்கிறார். ஒரு கருத்தரங்குக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கரட்டுப்பட்டி:
1970ல நியூயார்க் மாநிலத்துல டொனால்ட் கோட்ஸும் மேரி மோரிசாவாவும் ஆரம்பிச்சது. வருஷத்துக்கு ஒரே தலைப்பு, அதுக்கு ஒரு தொகுதி. மத்த மாநாட்டுல அவங்கவங்க வேலையைப் பேசிட்டுக் கலைஞ்சிருவாங்க. இங்க எல்லாரும் ஒரே கேள்வியை மொய்க்கிறதால, அடுத்து வர்றவங்க அந்தத் தொகுதியில இருந்துதான் தொடங்குறாங்க. 72 கடற்கரை, 73 ஆறு, 74 பனியாறு.

உங்களுக்கு 1973 போதும். அதுல ஆறுகளை ஆராய்ஞ்ச ஸ்டான்லி ஷூம் கட்டுரையைப் படிங்க. சோதனைத் தொட்டியில அடிமட்டத்தை (ஓடை அறுக்கக்கூடிய கீழ் எல்லை) ஒரே தடவைதான் இறக்குனாங்க. முதன்மை ஓடை அறுத்துது. அறுப்பு மேல ஏறிக் கிளை ஓடைகளைத் தொட்டதும் வண்டல் குவிஞ்சு கீழ மேடாச்சு. கிளைகள் அடங்கி வண்டல் குறைஞ்சதும் மறுபடி அறுத்துது. காரணம் ஒண்ணு, டெரஸ் ஒண்ணுக்கு மேல. ஓடை திடீர்னு போக்கை மாத்துற இந்த மாதிரி எல்லைக்கு த்ரெஷோல்டுன்னு பேரு; 1978 கருத்தரங்குல அதுவே தனித் தலைப்பாச்சு.

கலுங்கடி:
அதனால மழையைச் சொல்றதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கம் பாருங்க. மணல் அள்ளுன குழி, உடைஞ்ச தடுப்பணை எது இருந்தாலும் அடிமட்டம் இறங்கும். டெரஸ் உயரத்தை 30 மீட்டர் கட்டம் உள்ள டெம்ல (DEM, நில உயரத்தோட டிஜிட்டல் வரைபடம்) எடுக்காதீங்க. 2 மீட்டர் படி அதோட பிழைக்குள்ளயே காணாமப் போயிரும். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கிற சர்வே கருவி) வச்சு ஓடையோட நீளவாக்குல அளங்க.

இன்னொண்ணு, கண்மாய். டெம்ல ‘ஃபில்’ (பள்ளங்களை நிரப்புற கட்டளை) கொடுத்தா கண்மாய் உள்வாய் கரை உயரத்துக்கு நிரம்பி, அது மேல நேர்கோடா போலி ஓடைகள் வரும். டோப்போ ஷீட்ல கலுங்கு எங்கன்னு பார்த்து, டெம்ல அந்த இடத்துல கரையை வெட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்க. இல்லேன்னா நீர்ப்பிடிப்புப் பரப்பே தப்பு.

வயசுக்கு ஓ.எஸ்.எல். (மணல் கடைசியா வெயில் பட்டு எவ்வளவு காலமாச்சுன்னு கணிக்கிற முறை) சோதனைக்கு மண் மாதிரி எடுத்தா, வெட்டுமுகத்துல வெயில் பட்ட மண்ணைச் சுரண்டிட்டு இரும்புக் குழாயை அடிச்சு இறக்குங்க. ரெண்டு முனையையும் கறுப்புத் தாள்ல உடனே மூடணும். ரெண்டு டெரஸ் வயசும் பிழை வரம்புக்குள்ள ஒண்ணா விழுந்தா, ரெண்டு மழைக் கதை நிக்காது.

கரட்டுப்பட்டி:
கண்மாய் சொன்னது சரியான பாயின்ட். கருத்தரங்குல தலைப்பு கிடைச்ச விஷயம் வளருது, கிடைக்காதது காத்திருக்குது. சங்கிலிக் கண்மாய் இருக்கிற நிலத்துக்கு ஷூமோட தொட்டியில இடமே இல்ல. ஆய்வுல அதைத் தனி அத்தியாயமா வைங்க. பிங்காம்டன் தவிர, சர்வதேச நிலவடிவவியல் மாநாட்டுத் தொடர்னு ஒண்ணு இருக்கு, அது 2017ல டெல்லியில நடந்துச்சு. அதோட கட்டுரைச் சுருக்கங்கள்ல இந்திய ஆறுகளையும் ஒரு தடவை தேடிப் பாருங்க.