குழந்தை ஏறினால் மட்டும் சைக்கிள் கைப்பிடி நடுங்குகிறது

கோவையில் இருக்கிறேன். மூன்று வயது மகளைப் பின்னால் உட்காரவைத்து மாலையில் சிங்காநல்லூர் குளம் வரை சைக்கிளில் போவது வழக்கம். அலுவலக எரிச்சல் பாதி வழியிலேயே போய்விடும். கூழைக்கடாவைக் கண்டு அவள் போடும் கூச்சலுக்கு அப்படி ஒரு சக்தி. இப்போது அதற்குத்தான் தடை.

பொங்கலுக்குப் பிறகு, அவள் ஏறியதும் கைப்பிடி நடுங்குகிறது. மெதுவாகப் போகும்போதும் வளைவிலும் அதிகம். காலி இருக்கையோடு ஓட்டினால் ஒன்றுமில்லை. கியர் இல்லாத 26 அங்குல சைக்கிள். இருக்கை கேரியரின் மேல் பொருத்தியது. மகள் 14 கிலோ, இருக்கை 4 கிலோ. கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருக்கிறது.

டயர் காற்றையும் கேரியர் போல்ட்டுகளையும் சரிபார்த்தாயிற்று. கடையில் பின்சக்கரத்தின் கோட்டம் எடுத்து, கைப்பிடித் தண்டு திரும்பும் இடத்தில் உள்ள ஹேண்டில் கப்பையும் இறுக்கினார்கள். இருக்கையைச் சற்று முன்னே தள்ளியதில் நடுக்கம் குறைந்தது, போகவில்லை. "எடை ஏறினால் ஆடத்தான் செய்யும்" என்கிறார் கடைக்காரர். பொங்கல் வரை அதே எடையோடு ஆடாமல் ஓடிய வண்டிக்கு இது என்ன பதில்? முன்பக்க இருக்கைகள் பெரும்பாலும் 15 கிலோ வரைதான் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

கேரியரை மட்டும் மாற்றினால் போதுமா, ஃபிரேமில் நேரடியாகப் பொருத்தும் இருக்கைதான் வாங்க வேண்டுமா?