"பனி உழவு இயந்திரம்" கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

பொதிகைச்சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுக்காக "பனி உழவு இயந்திரம்" (சாலையில் கொட்டிக் கிடக்கும் பனியை அகற்றுகிற வண்டி, ஆங்கிலத்தில் ஸ்நோபிளவ்) என்று ஒரு கட்டுரை எழுதி, இரண்டு மாதமாக என் மணல்தொட்டியிலேயே (விக்கியில் வரைவு எழுதிப் பார்க்கும் பக்கம்) போட்டு வைத்திருக்கிறேன். நான் தென்காசிக்காரன். பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அதுதான் எனக்குத் தெரியும். ஆங்கிலக் கட்டுரைகள், தயாரிப்பாளர்களின் கையேடுகள் என்று கிடைத்ததை வைத்து எழுதியதில் வரலாறு, வகைகள், பாகங்கள், ரயில், விமான நிலையம், உப்புத் தூவிகள் என ஆறு பிரிவு வந்துவிட்டது. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் "எல்லாம் இருக்கிறது, ஆனால் இந்த வண்டி என்ன செய்கிறது என்றுதான் புரியவில்லை" என்கிறார். எங்கே சறுக்கியிருக்கிறேன்?

இன்னொன்று. பனியை வாரி வீசும் இயந்திரத்தை முதன்முதலில் உருவாக்கியவர் கனடாவின் ஆர்தர் சிகார், ஆண்டு 1925 என்று எழுதியிருந்தேன். உரையாடல் பக்கத்தில் ஒருவர் வந்து, இல்லை 1869 என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். யார் சொல்வது சரி?

மொன்றியல்வாசி:

தம்பி, முதலில் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். எங்கட ஆட்களுக்கு உழவு இயந்திரம் என்றால் டிராக்டர். யாழ்ப்பாணத்தார் ஒருவர் இதைப் பார்த்தால் பனியில் ஓடுகிற டிராக்டர் போல என்று நினைப்பார். அதோடு, கலப்பை மண்ணைக் கிளறிப் புரட்டும், இது சாலையைத் தொட்டும் தொடாமலும் வழித்துக்கொண்டு போகும். நாங்கள் இங்கே ஸ்நோ வழிக்கிறது என்றுதான் சொல்வது, அந்த வினைச்சொல்லே வேலையைக் காட்டிவிடுகிறது பாருங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிளேடு எத்தனை வகை, அது கல்லிலோ மேன்ஹோல் மூடியிலோ இடித்தால் மடங்கிக்கொடுக்கிற ஸ்பிரிங் எங்கே என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் வழித்த பனி எங்கே போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் முப்பது வருடமாக கோட் தே நேஜ் பகுதியில் இருக்கிறேன், அந்தப் பெயருக்கே பனிமேடு என்பது போலத்தான் பொருள். இங்கே பனி கொட்டினால் முதலில் உப்போ பொடிக்கல்லோ தூவுகிற வண்டி வரும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும், அப்போது கல்தான் கைகொடுக்கும். நடைபாதைக்கு என்று சங்கிலிப் பட்டையில் ஓடுகிற குட்டி வண்டிகள் தனி, அதுகள் வருகிற வேகத்தில் நாம்தான் ஒதுங்க வேண்டும். பிறகு பெரிய வண்டிகள் பனியை நீளமாக ஒரு வரம்பு போல ஒதுக்கிவிட்டுப் போகும். அதுக்குப் பிறகுதான் பெரிய வேலை. நிறுத்தி வைத்த கார்களை அகற்றுகிற இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும், அந்தச் சத்தம் கேட்டால் போட்டிருக்கிற உடுப்போடு ஓடிப்போய் காரை எடுத்துவிட வேண்டும். பின்னால், நீங்கள் கேட்ட அந்தப் பனியை வாரி வீசும் இயந்திரம் வந்து, பக்கத்தில் நகர்ந்துகொண்டே வருகிற லொறிக்குள் அந்த வரம்பை அள்ளிக் கொட்டும். லொறி நிரம்பினால் அடுத்தது வந்து சேரும். சாக்கடைக்குள் தள்ளுகிற இடங்களும் உண்டு, பழைய கல்குவாரியில் கொண்டுபோய்க் கொட்டுவதும் உண்டு. சான் மிஷேல் குவாரியில் அது கோடையிலும் கறுத்த மலையாகக் கிடக்கும்.

நீங்களோ "பனியைத் தொலைவுக்கு வீசி எறிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நகரத்துக்குள் தொலைவு என்றால் யாருடைய ஜன்னலுக்கு?

நூலகத்தூசி:

1869, 1925 இரண்டுமே சரிதான், ஆனால் அவை வேறு வேறு இயந்திரங்கள். டொராண்டோவில் ஜே. டபிள்யூ. எலியட் என்ற பல் மருத்துவர் 1869இல் காப்புரிமை வாங்கியது ரயில் பாதையில் கிடக்கும் பனியை வாரி வீசும் சுழல் சக்கரத்துக்கு. அவர் அதைக் கட்டிப் பார்க்கவில்லை. ஆரஞ்சுவில்லைச் சேர்ந்த ஆரஞ்சு ஜல் அந்த எண்ணத்தை எடுத்து மேம்படுத்தி, பனிக்குப் பதில் மணலை வைத்துச் சோதனை செய்தார் (ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இப்படி அமைந்தது தற்செயல், திருத்திவிடாதீர்கள்). லெஸ்லி சகோதரர்கள் முழு அளவில் கட்டியது 1883-84 குளிர்காலத்தில் டொராண்டோ ரயில்வே யார்டில் ஓடியது. சிகார் செய்தது தெருவுக்கான, லாரி மேல் பொருத்திய இயந்திரம். கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரெமோனுக்கு முதல் விற்பனை. "முதன்முதலில்" என்ற சொல் உங்கள் கட்டுரையில் ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். எதில், எங்கே முதல் என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

ரயில் பிரிவில் ஒரு பெரிய பிழை. சுழல் இயந்திரத்தின் நீராவி "வண்டியை முன்னோக்கிச் செலுத்துகிறது" என்று இருக்கிறது. பெரும்பாலானவற்றில் கொதிகலன் முன்னால் இருக்கிற, பனியை வீசும் சக்கரத்தைச் சுழற்ற மட்டும்தான், பின்னாலிருந்து வேறு எஞ்சின்கள் தள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதைக்கு 1910இல் கட்டியது போன்ற சில, தானே நகரும் விதிவிலக்குகள். ஜப்பானில் "கிமரோகி" என்று ஒரு தொடர்வண்டி ஏற்பாடே இருந்தது. எஞ்சின், பாதையோரப் பனியை உள்ளே வாரித் தரும் வண்டி, அதைத் தூக்கி எறியும் சுழல் வண்டி, கடைசியில் மறுபடி எஞ்சின், இந்த நான்கின் முதல் ஒலிகளைச் சேர்த்த பெயர் அது. ஹொக்கைடோவில் நயோரோ ஊரில் முழு வரிசையையும் இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படம் கிடைத்தால் சேருங்கள், பத்து வரி மிச்சம்.

சறுக்குத்தளங்களைச் சமன் செய்யும் பட்டைச் சக்கர வண்டியை ஏன் இங்கே சேர்த்தீர்கள்? அது பனியை அகற்றுவதே இல்லை, அமுக்கி வைக்கிறது. தூக்கிவிடுங்கள்.

பழையடோசர்:

எல்லைச் சாலைகள் அமைப்பின் கிரெஃப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது திருப்பத்தூர். இமாச்சலப் பிரதேசத்தில் ரோதங் பக்கம் ஆறு சீசன் வேலை பார்த்தேன். 3,978 மீட்டர் உயரக் கணவாய். 2020இல் அடல் சுரங்கம் திறக்கும்வரை, குளிர்காலம் முடிந்ததும், கணவாய்க்கு அப்பால் இருக்கிற லாஹூல் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வழி அங்கேதான் திறந்தாக வேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பு 1960இலிருந்து இருக்கிறது, நம்மூர் ஆட்கள் எத்தனையோ பேர் அதில் வேலை பார்த்தாயிற்று, தமிழில் எழுதுகிற கட்டுரையில் இமயமலைக்கு ஒரு வரிதானா தம்பி?

உங்கள் கட்டுரையைப் படித்தால் ஸ்நோ கட்டரை (பனியை அரிந்து வீசும் இயந்திரம்) கொண்டுபோய் விட்டால் சாலை திறந்துவிடும் போல இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்த பனியை அது வெண்ணெய் மாதிரி அரிந்துவிடும், சரி. பனிச்சரிவு வந்த இடத்தில் பனியோடு பாறையும் மரமும் புதைந்து கிடக்கும், அதில் கட்டரை விட்டால் அலகு போய்விடும். அங்கே டோசர்தான், சில இடத்தில் மண்வெட்டிதான். இன்னொரு சங்கதி, சாலை எங்கே இருக்கிறது என்றே மேலிருந்து தெரியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நாலு ஆள் உயரப் பனிக்கு மேல் டோசர் ஏற்றி நிற்கிறவன் ஊன்றிய கம்பத்தையும் பழகிய கண்ணையும்தான் நம்ப வேண்டும். காலையில் டீசல் கூழாகி நிற்கும், எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டியிருக்கிறோம். மைனஸ் 33 வரை உறையாத டீசல் லடாக்குக்கு வந்ததே 2019இல்தான்.

நூலகத்தூசி:

ஐயா சொன்ன அதே காரணம்தான் கனடாவில் ரோஜர்ஸ் கணவாயில் உயிர்களைக் குடித்தது. 1910 மார்ச் 4 இரவு, ஒரு சரிவில் வந்த பனியில் மரங்கள் கலந்து கிடந்ததால் சுழல் இயந்திரம் தனியாகச் சமாளிக்க முடியாமல் ஆட்கள் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேர் இறந்தார்கள், 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். ஆறு வருடத்தில் அந்த இடத்தைத் தவிர்க்கச் சுரங்கமே வெட்டிவிட்டார்கள். இது "வரலாறு" பிரிவில் வேண்டாம், இயந்திரத்தின் எல்லை எது என்று பேசுகிற இடத்தில் வரட்டும்.

பொதிகைச்சாரல்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வகைகளையும் பாகங்களையும் கலைத்துவிட்டு, தள்ளுவது, வீசுவது, ஏற்றிக் கொண்டுபோவது, உருக்குவது என்று பனி போகிற வழியிலேயே கட்டுரையை மாற்றி அடுக்கிவிட்டேன். இமயத்துக்குத் தனிப் பிரிவு. பழையடோசர் ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே போட முடியாது, அச்சில் வந்த மேற்கோள் தேடுகிறேன், கோபிக்க வேண்டாம். தலைப்பு இப்போது "வெண்பனி அகற்றும் ஊர்தி", பழையதை வழிமாற்றாக (அதைத் தேடினாலும் புதிய தலைப்புக்கு வந்து சேரும்படி) வைத்திருக்கிறேன். வண்டி போன பிறகு ஓரத்தில் நீளமாக நிற்கும் குவியலுக்கு மொன்றியல்வாசி அண்ணன் சொன்ன "வரம்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளவா? வயல்காரனுக்கு உடனே கண்ணில் தெரியும்.

மொன்றியல்வாசி:

தாராளமாக. நாங்கள் விடிய எழும்பி வீட்டு வாசலை வழித்து முடித்த கையோடு வண்டி வந்து திரும்ப ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும், அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அப்புறம், மூன்றாவது பத்தியில் பனிப்பொழிவு வர வேண்டிய இடத்தில் இன்னும் பனிமூட்டம் என்றே நிற்கிறது. மூட்டத்தை எந்த வண்டியாலும் வழிக்க முடியாது. அதைத் திருத்திவிட்டு ஏற்றிவிடுங்கள்.