செவலைக்கு நிமோனியா, ஊசி போட்டாயிற்று. ராத்திரி எப்படிப் பார்த்துக்கொள்வது?

பட்டி_காவல்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்கள் செவலை ஆட்டுக்கு மூன்று வயது, இரண்டு குட்டி போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நேற்று முன்தினம் காலையில் மற்ற ஆடுகள் எல்லாம் தழைக்கு முட்டிக்கொண்டு வர, இவள் மட்டும் மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். முடி சிலிர்த்திருந்தது, மூக்கில் தண்ணீர் போல ஒழுகியது. மழையில் நனைந்த சளிதான், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன், இப்போது அதுதான் மனதை அறுக்கிறது. இன்று காலை மூக்குச்சளி மஞ்சளாகக் கெட்டியாகிவிட்டது, கழுத்தை முன்னால் நீட்டி, மூக்குத் துளை விடைக்க மூச்சு வாங்குகிறாள், இருமும்போது முனகுகிறாள்.

மருத்துவர் மாலையில் வந்து பார்த்தார். காய்ச்சல் 105.6. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு நிமோனியா என்றார். ஆக்ஸிடெட்ராசைக்ளின் (நீண்ட நேரம் வேலை செய்யும் வகை) ஊசி ஒன்று, காய்ச்சலுக்கும் வலிக்கும் மெலாக்சிகம் ஒன்று போட்டார். 48 மணி நேரம் கழித்து மறு ஊசி என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டாள், எதுவும் தின்னவில்லை. வயிறு காலியாக இருக்கிறதே என்று பாட்டிலில் சத்து மருந்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன், பாதி வெளியே வந்து இருமினாள். மறுபடி ஊற்றலாமா? குளிராமல் இருக்கக் கொட்டிலைச் சுற்றிப் படுதா கட்டியிருக்கிறேன். விடியும் வரை வேறு என்ன செய்ய வேண்டும்?

தழைக்கட்டு:
முதலில் அந்தப் பாட்டிலைக் கீழே வையுங்கள். மூச்சு வாங்குகிற ஆட்டுக்கு, அதுவும் சாய்ந்து படுத்திருக்கும்போது, வாயில் எதையும் ஊற்றவே கூடாது. விழுங்கவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் அதனால் முடியாது, பாதி நுரையீரலுக்குத்தான் போகும். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற இடத்தில் தண்ணீரும் மருந்தும் இறங்கினால் அது தனியாக இன்னொரு நிமோனியா. இருமினாள் என்கிறீர்களே, அதுவே புரையேறியதற்கு அடையாளம். நாளைக்கு மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம், மருந்தை அவர் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்தது, அவளை நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள். நான்கு காலையும் அடியில் மடக்கி, ஆடு சாதாரணமாக அசைபோடும்போது எப்படி உட்காருமோ அப்படி. இரண்டு பக்கமும் வைக்கோல் திணித்த சாக்கு மூட்டையை அணை கொடுங்கள். பக்கவாட்டில் கிடந்தால் அடியில் இருக்கிற நுரையீரல் நசுங்கும், வயிற்றில் சேருகிற வாயு ஏப்பமாக வெளியேற முடியாமல் உப்பிக்கொள்ளும். உப்பிய வயிறு நெஞ்சைத் தள்ளும், மூச்சு இன்னும் குறையும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இடுப்பை மெதுவாக மறுபக்கம் திருப்பி விடுங்கள். கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்து நிற்க வைத்தால் இன்னும் நல்லது, பல ஆடுகள் அப்போதுதான் மூத்திரம் பெய்யும். பெய்தால் நிறத்தைப் பாருங்கள், கரும் மஞ்சளாகக் கொஞ்சமாக வந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

தண்ணீரை அவளே குடிக்க வேண்டும். கை பொறுக்கிற சூட்டில் வெதுவெதுப்பாக, அகலமான பாத்திரத்தில், மூக்குக்கு நேரே வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து ஒரு பாத்திரம், வெறும் தண்ணீர் ஒரு பாத்திரம், இரண்டையும் வையுங்கள், எது பிடிக்கிறதோ குடிப்பாள். உதட்டை நனைத்துவிட்டால் சில ஆடுகள் நக்க ஆரம்பிக்கும். மெலாக்சிகம் போட்டிருப்பதால் தண்ணீர் ரொம்ப முக்கியம், உடம்பு வறண்டிருக்கும்போது அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலை வரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையென்றால் திரவம் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் படுதா. நீங்கள் நின்றபடி பார்த்தால் தெரியாது. அவள் மூக்கு மட்டத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சிழுத்துப் பாருங்கள். மூத்திர வாடையில் கண் எரிந்தால் அவள் அதைத்தான் இரவெல்லாம் உள்ளே இழுக்கிறாள். அந்த அம்மோனியா மூச்சுக்குழாயை அரித்து, கிருமியைத் தடுக்கிற பூச்சையே கெடுத்துவிடும். படுதாவின் மேல் பாகத்தை அவிழ்த்துவிடுங்கள். படுத்திருக்கிற மட்டத்தில் நேரடிக் காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று போக வர வேண்டும். ஈரமான படுக்கையை அள்ளிவிட்டு, காய்ந்த வைக்கோலை முழங்கால் புதையும் அளவுக்குப் போடுங்கள். குளிருக்கு அவள் முதுகில் ஒரு காய்ந்த சாக்கைப் போர்த்தினால் போதும்.

கிடைக்காரன்:
புதிதாக ஆடு ஏதாவது வாங்கி வந்தீர்களா? குட்டிகள் எங்கே இருக்கின்றன? வாயைத் திறந்து ஈறையும் நாக்கையும் பாருங்கள், புண் இருக்கிறதா? கழிச்சல் இருக்கிறதா? காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் கண்பீளையும் கழிச்சலும் சேர்ந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அது வைரஸ், மந்தையையே வாரிக்கொண்டு போகும், உடனே மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும்.

பட்டி_காவல்:
வாயில் புண் இல்லை, புழுக்கை கொஞ்சமாகப் போட்டாலும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போன வருடம் எல்லா ஆட்டுக்கும் போட்டாயிற்று. ஆனால் நீங்கள் கேட்டது சரி, பத்து நாள் முன்னால் ஒரு கிடா வாங்கி வந்தேன். வண்டியில் வெகுதூரம் வந்தது, வந்த அன்றே இருமியது, தூசி என்று நினைத்து இவர்களோடே கட்டிவிட்டேன். படுதா கட்டியதும் அதே வாரம்தான்.

குனிந்து மூச்சிழுத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் தினமும் உள்ளே போய் வருகிறேன், ஒருநாளும் தெரியவில்லை. படுதாவை அவிழ்த்துவிட்டு, படுக்கையை மாற்றி, சொன்னபடி மூட்டை அணைத்து உட்கார வைத்திருக்கிறேன். முனகல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், வெறும் தண்ணீரில் நாலைந்து மடக்கு குடித்தாள். மூச்சு நிமிடத்துக்கு 58.

ஊசிப்பெட்டி:
கால்நடை மருந்தகத்தில் ஊசி போடுகிற வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சை எண்ணியது மிகச் சரி. ஓய்வில் இருக்கிற ஆட்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 30 வரைதான் இருக்க வேண்டும், சூடு 101.5 முதல் 103.5 வரை. இனிமேல் தெர்மாமீட்டரைவிட அந்த மூச்செண்ணிக்கையை நம்புங்கள். மெலாக்சிகம் காய்ச்சலைத் தானாகவே இறக்கிவிடும், நாளை காலை 103 காட்டினால் கிருமி அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு இறங்குகிறதா, தலை தூக்குகிறாளா, அசை போடுகிறாளா, இந்த மூன்றும்தான் கணக்கு. சூடு 100-க்குக் கீழே போனால் அது காய்ச்சலைவிட ஆபத்து, எந்த நேரமாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மருத்துவர் அவள் எடையை எப்படிக் கணக்கிட்டார்? நீங்கள் சொன்னதை வைத்தா? இந்த ஊசி பொதுவாக ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கு, எடை தப்பினால் மருந்து குறையும், குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள், அப்புறம் தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம். சுற்றளவை சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும்.

வேறு ஆட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கிற மருந்தைத் தயவுசெய்து இவளுக்குப் போடாதீர்கள். டில்மிகோசின் என்று மாட்டு நிமோனியாவுக்கு ஒரு ஊசி உண்டு, அது ஆட்டின் இதயத்தை நிறுத்திவிடும், ஊசி போடுகிறவர் கையில் தவறிக் குத்தினால் அவருக்கும் அதே கதி. பென்சிலினும் எல்லா நிமோனியாவுக்கும் உதவாது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, பென்சிலின் தாக்குவது அந்தச் சுவரைத்தான்.

பட்டி_காவல்:
அளந்தேன். சுற்றளவு 28, நீளம் 26. கணக்குப் போட்டால் 31 கிலோ வருகிறது. மருத்துவர் கேட்டபோது நான் 22 என்று சொன்னேன். போன் செய்து சொல்லிவிட்டேன், புரையேறியதையும் சொன்னேன். கோபப்படவில்லை, காலையில் வந்து வேறு மருந்து வைத்துப் பார்க்கிறேன் என்றார். குட்டிகள் இரண்டும் அவளோடுதான் இருக்கின்றன, முட்டி முட்டிப் பார்க்கின்றன, மடியில் பால் வற்றிக்கொண்டே வருகிறது. பிரித்துவிடவா?

தழைக்கட்டு:
அவள் மூச்சுக் காற்று இத்தனை நாளாக அவற்றின் மேல் பட்டுத்தான் இருக்கிறது, இனிப் பிரித்து அந்த வகையில் லாபம் இல்லை. ஆனால் முட்டி முட்டி அவளைச் சோர வைக்கும், அதனால் பக்கத்திலேயே ஒரு தடுப்பு போட்டு, அவள் பார்வையில் படும்படி வையுங்கள், குட்டி கண்ணில் படாவிட்டால் கத்திக் கத்தியே மூச்சு வாங்குவாள். புட்டிப்பால் கொடுக்கும்போது ரப்பரின் துளை பெரிதாக இருக்கக் கூடாது, கவிழ்த்தால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். தினம் இரண்டு வேளை குட்டிகளுக்கும் சூடு பாருங்கள். கிடாவை இன்றே தனிக் கொட்டிலுக்கு மாற்றி, அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குத் தண்ணீர் வைக்கிற பாத்திரம் வேறாக இருக்கட்டும், கடைசியாக அதைக் கவனித்துவிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

பட்டி_காவல்:
மூன்றாம் நாள். மருந்தை மாற்றி, எடைக்கேற்றபடி தினம் ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு என்று சொல்லியிருக்கிறார். பி காம்ப்ளெக்ஸ் ஊசியும் போட்டார். தின்னாத ஆட்டின் வயிற்றில் பி1 வைட்டமின் ஊறாது, குறைந்தால் மூளையையே தாக்கும் என்றார். மூச்சு இன்று 40. சூடு 102.8. நேற்று இரவு இரண்டு மணிக்கு இடுப்பைத் திருப்பப் போனபோது தானாக எழுந்து நின்றாள், முன்னங்கால் நடுங்கியது, ஆனாலும் நின்றாள். வேப்பங்கொத்தை மூக்குக்கு நேரே கட்டித் தொங்கவிட்டேன், நுனியில் நாலு இலை கடித்தாள். மீதி மூன்று ஊசியும் வேண்டுமா? ஒவ்வொரு முறையும் குத்தும்போது அவள் துடிப்பதைப் பார்க்க முடியவில்லை.

ஊசிப்பெட்டி:
வேண்டும். நாலு இலை கடித்ததும் ஊசியை நிறுத்திய ஆடுகள்தான் ஒரு வாரம் கழித்து மறுபடி எங்களிடம் வரும், அப்போது நுரையீரலில் சீழ்க்கட்டி கட்டியிருக்கும், அதற்குள் மருந்து போய்ச் சேராது. கழுத்தின் ஒரே இடத்தில் குத்தாமல் இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பாலைக் கறந்து வீட்டுக்கு எடுக்க வேண்டாம், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும்.

தழைக்கட்டு:
இலை கடித்தாள் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது தீனி மூட்டையைக் கொட்டிவிடாதீர்கள். பல நாள் காலியாகக் கிடந்த வயிற்றுக்குத் தானியம் போட்டால் புளித்து அமிலமாகிவிடும், நிமோனியாவில் பிழைத்ததை வயிற்றில் விட்டுவிடுவோம். தழையும் காய்ந்த புல்லும் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. புல்லில் தூசி இருந்தால் தண்ணீர் தெளித்துப் போடுங்கள். இடது விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்கும் இடத்தில் முஷ்டியை லேசாக அழுத்தி வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். உள்ளே ஒரு புரளல் வந்து கையைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு வந்தால் வயிறு வேலை செய்கிறது.

பட்டி_காவல்:
கை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை, எடுக்கலாம் என்று நினைக்கும்போது மெதுவாக ஒரு புரளல், யாரோ உள்ளிருந்து முட்டுவது போல. நேற்று ஐந்தாம் ஊசி முடிந்தது. இரவு கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன், இருட்டில் அரைக்கிற சத்தம் கேட்டது, விளக்கைத் திருப்பினால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசை போடுகிறாள். ஒரு உருண்டை இறங்கி அடுத்தது தொண்டையில் ஏறி வருவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. விடியும் வரை எழுந்து வர மனம் வரவில்லை.

மூச்சு 26. குட்டிகளுக்குச் சூடு இல்லை. கிடாவுக்கும் ஊசி நடக்கிறது. காலையில் எழுந்தவுடன் மட்டும் இரண்டு மூன்று முறை இருமுகிறாள், அது எத்தனை நாள் இருக்கும்?

கிடைக்காரன்:
சில வாரங்கள் இருக்கும். புண்ணான இடம் தழும்பாகி ஆற வேண்டும். மூச்சும் தீனியும் சரியாக இருந்தால் பயப்படாதீர்கள், இருமல் கூடினால் மருத்துவரிடம் சாணத்தைக் கொடுத்து நுரையீரல் புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மந்தையோடு தூரமாக மேய விடாமல் இன்னும் இரண்டு வாரம் கொட்டில் பக்கத்திலேயே மேயட்டும். அடுத்த முறை ஆடு வாங்கினால் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள்.

பட்டி_காவல்:
தனிக் கொட்டிலுக்கு இன்றே நாலு கம்பு ஊன்றிவிட்டேன். மேல் பக்கம் திறந்தேதான் இருக்கிறது.