தைராய்டு மாத்திரையும் காலை காபியும்: எப்படிச் சமாளிக்கிறீங்க?

வணக்கம் தோழிகளே. எனக்கு வயசு 36. ஆறு மாசமா ஒரே சோர்வு, முடி கொட்டுது, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருது. வீடு, ஆபீஸ்னு அலையற அலுப்புன்னு விட்டுட்டேன். ரத்தப் பரிசோதனையில டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியா சுரக்கலைன்னா ஏறற ஹார்மோன்) 11.4. தைராக்சின்ங்கற தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் ஆரம்பிச்சாங்க. எட்டு வாரம் கழிச்சுப் பார்த்தாலும் 8.9தான்.

டாக்டர் முதல்ல கேட்டது, "மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துல காபி குடிக்கிறீங்க?" உண்மையைச் சொன்னா, மாத்திரையை முழுங்கறதே காபியோடதான்! வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாதாம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேணுமாம். நான் மூணையும் ஒரே டப்பாவில வச்சு ஒண்ணாப் போட்டுக்கிட்டிருந்தேன்.

இப்ப பிரச்சினை என்னன்னா, அஞ்சு மணிக்கே அடுப்படியில நிக்கணும். டிகாக்‌ஷன் வாசனை வந்துட்டா என்னால ஒரு மணி நேரம் தாங்காது. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு ராத்திரி போடலாம்னு டாக்டரே சொன்னாங்க. ஆனா எங்க வீட்டுல சாப்பாடே ஒன்பதரைக்கு. யாராவது ராத்திரிக்கு மாத்தியிருக்கீங்களா? மறக்காம இருக்க என்ன பண்றீங்க?

இன்னொண்ணு. தைராய்டுக்கு ஆகாதுன்னு முட்டைக்கோஸ் பக்கமே போகாதேங்கறாங்க அத்தை. வேக வச்சு அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்கறார் டாக்டர். அத்தைக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

மாத்திரையை நிறுத்திட்டு கஷாயம் குடின்னு மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு எங்க சித்தப்பா இருக்கார்.