சொந்த ஊர் எதுன்னு கேட்டுட்டேன்: உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா?

ஹூஸ்டன் குமரன்

மூணு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. எழுதிட்டா போயிடுமான்னு பார்க்கிறேன்.

ஆபீஸ்ல ஜூன்டீன்த் சாப்பாடு, டெக்சஸ்ல அடிமைகளுக்கு விடுதலை அறிவிச்ச ஜூன் 19ஐக் கொண்டாடுற நாள். சிவப்பு சோடா, தர்பூசணி, சிவப்பு கேக், அன்னைக்கு எல்லாமே சிவப்புதான். பக்கத்துல எங்க அக்கவுண்ட்ஸ் அம்மா, ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருந்துச்சு. கறுப்பினத்தவங்க, டெக்சஸ்லயே பிறந்து வளர்ந்தவங்க. நாம யாரைப் பார்த்தாலும் கேட்போமே, அதே கேள்வி வாய்ல வந்துடுச்சு. "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" "ஹூஸ்டன்"னாங்க. அதோட விட்டிருக்கலாம். "இல்லம்மா, அதுக்கு முன்னாடி? பூர்வீகம்?"

கோபப்படல. கைப்பையில இருந்து ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாங்க. 1860 கணக்கெடுப்புல அடிமைகளுக்குன்னு தனியா வச்சிருந்த தாள். முதலாளி பேர் வளைச்சு வளைச்சு அழகா எழுதியிருக்கு. அவருக்குக் கீழே இருக்கிற யாருக்கும் பேர் கிடையாது. வயசு, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். ஒரு வரியில விரலை வச்சாங்க. வயசு 12, பெண், கறுப்பு. "எங்க பாட்டியோட பாட்டியா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்ல முடியும்." 1870லதான் பேரோட எழுதினாங்களாம். அதுல 22 வயசுல ஒரு பொண்ணு இருக்கா, குடும்பப் பேர் அந்த முதலாளியோடது.

பேசிட்டே அந்த வரியைத் தடவிட்டே இருந்தாங்க. விரல் படப்பட படம் பெரிசாகுது, சின்னதாகுது. நான் வாயில கேக்கை வச்சுக்கிட்டு முழுங்கவும் முடியாம உட்கார்ந்திருந்தேன்.

டயாலிசிஸ் அக்கா

குமரன், நீங்க ஒரு கேள்விதான் கேட்டீங்க. நான் வருஷக்கணக்கா கறுப்பினத்தவங்களைத் தனியாப் பிரிச்ச லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினவ.

கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு ரத்தத்துல கிரியேட்டினின், அதாவது தசையில இருந்து வர்ற கழிவு, எவ்வளவுன்னு பார்த்துக் கணக்குப் போடுவோம்ல? பழைய லேப் ரிப்போர்ட்ல ரெண்டு வரி இருக்கும். ஒண்ணு கறுப்பினத்தவருக்கு, ஒண்ணு மத்தவங்களுக்கு. 2009ல வந்த ஃபார்முலாவுல கறுப்பினத்தவர்னா விடையை 1.159ஆல பெருக்கணும். அவங்களுக்குத் தசை அதிகம்னு ஒரு நினைப்பு. பெருக்கினா கிட்னி நல்லா இருக்கிற மாதிரி தெரியும். இங்க அமெரிக்காவுல மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில நிக்க அந்த விடை 20 இல்ல அதுக்குக் கீழ வரணும். அப்போ யாருக்கு வரிசை தள்ளிப் போகும்? 2021லதான் அந்தப் பெருக்கலைத் தூக்கினாங்க. 2023ல, இப்படித் தள்ளிப் போனவங்களுக்கு விட்டுப்போன நாளைச் சேர்த்துக் குடுக்கணும்னு உத்தரவு.

எங்க பேஷண்ட் ஒருத்தருக்குக் கடிதம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல சேர்ந்திருந்தது. ஊசி குத்தின கையை அசைக்காம, மத்த கையால பிளாஸ்டிக் பையில இருந்து பழைய ரிப்போர்ட்டை எல்லாம் ஒண்ணொண்ணா மடியில அடுக்கினார். "இதை எல்லாம் நீதானே எனக்குப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தே?"ன்னார். திட்டல, சும்மா கேட்டார். ஆமான்னேன்.

1851ல லூசியானா டாக்டர் ஒருத்தர், சாமுவேல் கார்ட்ரைட்னு பேர், அடிமை தப்பிச்சு ஓடுறதே ஒரு நோய்னு எழுதி அதுக்குக் கிரேக்கச் சொல்லை வச்சு ஒரு பேரும் வச்சார். படிச்சப்ப சிரிச்சேன். இந்த உடம்பு வேற, அந்த உடம்பு வேறங்கிற பழைய நினைப்பு என் பிரிண்டர் வரைக்கும் வந்திருக்குன்னு அப்போ தோணவே இல்ல.

தாமிரபரணி77

ஜமைக்காவுல, கிங்ஸ்டன்ல ரெண்டு வருஷம் ப்ராஜெக்ட். எமான்சிபேஷன் பார்க், அடிமை விடுதலை நினைவுப் பூங்கா, அது வாசல்ல 2003ல வச்ச சிலை இருக்கு தெரியுமில்ல? ஆணும் பெண்ணும், வெண்கலம், ஒட்டுத்துணி கிடையாது, அண்ணாந்து வானத்தைப் பார்த்துட்டு நிக்கும். நான் போன புதுசு. கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டு செல்ஃபி எடுத்தேன். டிரைவர் அண்ணன் சொன்னார்: "எங்க பாட்டியும் சிரிச்சா, துணி போட்டு விடுங்கடான்னு. ஆனா சங்கிலி போட்டுக் குனிய வச்சிருந்தா நீ சிரிச்சிருக்க மாட்டே. பாவம்னு உச்சுக் கொட்டிட்டுப் போட்டோ எடுத்திருப்பே."

செல்ஃபியை அழிச்சுட்டேன். அன்னைக்கே சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனா, அக்கா பையன் முகம் வெளுக்க ஏதோ க்ரீம் தடவிட்டு, வெயில்ல வராம கதவு நிழல்ல நிக்கிறான். பூங்காவுல, நம்ம மனசை நாமதான் விடுவிக்கணும்னு எழுதி வச்சிருக்கு. ஜமைக்காவுல பிறந்த கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி 1937ல கனடாவுல பேசினது. கையில இருந்த விலங்கு போயிடுச்சு, மனசுல இருக்கிறதை அவங்கதான் கழட்டணும். அதுதான் என் கருத்து.

லண்டன் பெடியன்

தம்பி தாமிரபரணி, கதை நல்லாத்தான் சொன்னீர். கடைசி வரியிலதான் எனக்குக் கோவம். அவையள்தான் கழட்ட வேணும் எண்டு லேசாச் சொல்லிப்போட்டீர்.

நான் 2002இல இருந்து இஞ்ச பஸ் ஓட்டுறன். 2018 மாசியில, டிப்போ கன்டீனில ஒரு மனுசன், தாய் தகப்பன் ஜமைக்கா, எங்களுக்கு முன்னால தன்ர பி60 கடதாசியளை, வருசா வருசம் சம்பளத்தில பிடிச்ச வரிக் கணக்கு, மேசையில விரிச்சு வச்சான். 1833இல பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அதுக்கு 2 கோடி பவுண் நட்ட ஈடு. ஆருக்கு? அடிமையளை வச்சிருந்த ஆக்களுக்கு. அடிமையாக் கிடந்த சனத்துக்கு ஒரு சதமும் இல்லை. அதுக்கு மேல 1838 மட்டும் பழகுநர் எண்டு சொல்லிச் சம்பளமில்லாம வேலை வாங்கினவை. அந்தக் காசுக்கு வாங்கின கடன் 2015இலதான் முடிஞ்சது. வரி கட்டின நீங்கள்தான் உதவினீங்கள் எண்டு நிதியமைச்சே பெருமையா ட்விட்டரில போட்டது!

"என்ர பூட்டனை வச்சிருந்தவனுக்குக் குடுத்த காசை நான் கட்டி முடிச்சிருக்கிறன்" எண்டான். பேந்து என்னைப் பார்த்து, "நீயும்தான்ரா." தேத்தண்ணிக் கோப்பை என்ர கையில அப்பிடியே ஆறிப் போச்சு.

இப்ப சொல்லும், ஆற்ற மனசில விலங்கு?

தாமிரபரணி77

அண்ணே, காசு கணக்கு வேற, க்ரீம் வேற. அந்தப் பையன் முகத்தை நான் நேர்ல பார்த்தவன். (எங்க வீட்டு பாத்ரூம்லயும் அந்த மாதிரி ட்யூப் இருந்துச்சு, அதை மறைக்கல.)

டயாலிசிஸ் அக்கா

வெளுப்பா இருந்தாத்தான் வேலை கிடைக்கும்னு அந்தப் பையனுக்கு யாரோ காட்டிக் குடுத்திருக்காங்கல்ல தம்பி? அவனா கண்டுபிடிச்சதா?

பழைய பேப்பர்

சண்டையை விடுங்க. குமரன், அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. 1870 சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கிறவங்க பலர். சுத்திக்கிட்டுப் போக வழி இருக்கு. முதல்ல முதலாளி குடும்பத்தைப் பிடிக்கணும். அவன் செத்தப்போ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கோர்ட்ல சொத்துப் பட்டியல் போட்டிருப்பாங்க. கணக்கெடுப்புல இல்லாத பேர் அதுல இருக்கும், ஏன்னா விலை போடணும். ரெண்டாவது, விடுதலையானவங்களுக்கு உதவ அரசாங்கம் 1865ல ஆரம்பிச்ச ஃப்ரீட்மென்ஸ் பீரோவோட கூலி ஒப்பந்தங்கள். மூணாவது, டெக்சஸ்ல 1867 வாக்காளர் பதிவு. ஆம்பளைங்க மட்டும்தான், ஆனா அண்ணன் தம்பி கிடைச்சா ஒரு நூல் கிடைச்ச மாதிரி. நாலாவது, பத்திரிகை விளம்பரங்கள். விடுதலைக்கு அப்புறம் பல வருஷம், "என் அம்மாவை இன்னார் விற்றார், கடைசியாப் பார்த்த இடம் இது"ன்னு போட்டுக்கிட்டே இருந்தாங்க. எழுத்துப் பிழையோட தேடச் சொல்லுங்க. ஜூன்டீன்த் உத்தரவையும் முழுசாப் படிக்கச் சொல்லுங்க. 1865 ஜூன் 19ல கால்வெஸ்டன்ல விடுதலைன்னு அறிவிச்ச அதே தாள்ல, இருக்கிற வீட்டுலயே சத்தம் போடாம இருந்து கூலிக்கு வேலை பாருங்கன்னும் புத்தி சொல்லியிருக்கு. அதனால முதல்ல அந்தப் பண்ணை அக்கம்பக்கத்துலயே தேடணும்.

என் அனுபவமா? ஒரு கோர்ட் ஆவண அறையில பக்கத்து மேசைப் பையனுக்கு அவன் ஆள் கிடைச்சுட்டார். பேர், பக்கத்துல விலை. அடுத்த வரி ஒரு கோவேறு கழுதை, அதுக்கும் விலை. சிகரெட் பிடிச்சுட்டு வர்றேன்னு போனான். சாயங்காலம் பூட்டுற வரைக்கும் வரல. அவன் பென்சிலை நான்தான் எடுத்து வச்சேன்.

ஹூஸ்டன் குமரன்

சார், அவங்க இதெல்லாம் பல வருஷமா பார்த்துட்டாங்க. கோர்ட் தாள் தீயில போச்சாம். தம்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துக் குடுத்திருக்கார்: நைஜீரியா இத்தனை சதவீதம், கேமரூன் இத்தனை, கானா கொஞ்சம். அதைக் காட்டி, "இதை வச்சுக்கிட்டு நான் எந்த பஸ்ல ஏறுறது?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டுதான் கேட்டாங்க.

போன வாரம் புதுசா ஒரு பையன் சேர்ந்தான், அலபாமாவாம். லிஃப்ட்ல நானும் அவனும் மட்டும். பேச ஒண்ணுமே இல்ல. கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஏழாவது மாடி வரைக்கும் செருப்பையே பார்த்துட்டு நின்னேன்.